எண்ணியது ரத்தத்தில், அரிபடுவது மூட்டில்

ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருக்கும்போது முடக்குவாதத்துக்கு மருந்து எதற்கு என்று ஒரு முழுக் கட்டுரையே எழுதியிருக்கிறார் நலவாழ்வு ஆலோசகர் ஒருவர். மூட்டுக்குள் போகும் வெள்ளணுக்கள் காவல்காரர்களாம். மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்து அவர்களைக் கொல்லாமல், எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டுமாம்.

எண்ணிய இடமே தப்பு. நோயில்லாத மூட்டின் நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200 வெள்ளணுக்கள்கூட இருக்காது. முடக்குவாதம் மூண்ட மூட்டில் 2,000-ஐத் தாண்டும்; பல சமயம் பத்தாயிரக்கணக்கில் போகும். பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கில் நுழைந்து, இன்டர்லூக்கின்-8 போன்ற வேதிப்பொருள் எங்கே அடர்ந்திருக்கிறதோ அந்தத் திசையில் நகர்ந்து வந்தவை. வந்த இடத்தில் பிடிக்க ஒரு கிருமியும் இல்லை. கிருமிக்கென்று வைத்திருந்த நொதிகளைக் குருத்தெலும்பின் மேல் கொட்டுகின்றன. திருடனே வராத வீட்டை அடித்து நொறுக்குகிறவனுக்குக் காவல்காரன் என்றா பெயர்?

அவருடைய கணக்கையே பிடித்துப் போவோம். ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டால் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் கலந்து எண்ணிக்கை ஏறும். மூட்டு வீக்கமோ வடியும். முடக்குவாதக்காரர்கள் சிலருக்கு வரும் ஃபெல்டி நோய்க்குறியில் ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் அருகிப்போகும். அந்த நோயாளிகளின் மூட்டுகள்தான் பெரும்பாலும் மிக மோசமாகச் சிதைந்திருக்கும். இவரைக் கேட்டால் முன்னவருக்கு நோய் முற்றிவிட்டது, பின்னவர் தேறிவிட்டார்!

வெள்ளணுக்கள் மூட்டுக்குப் போகும் இந்த நடமாட்டத்தைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள். கதிரியக்க இண்டியம் ஏற்றிய வெள்ளணுக்களை நோயாளிகளின் உடலில் செலுத்தி, இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற முடக்குவாத ஊசி கொடுத்த பிறகு அவை மூட்டுக்குப் போவது குறைந்ததைக் காட்டிய ஆய்வு 2000-இலேயே வெளியாகிவிட்டது. கால் நூற்றாண்டாகியும் அவர் கண்ணில் படவில்லை.

மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய் மருந்து என்று பயமுறுத்துகிறார். அங்கே கிராம் கணக்கில்கூடப் போகும். இங்கே வாரத்துக்கு ஒரே நாள், சில மில்லிகிராம்கள். ஆபத்தே இல்லை என்று யார் சொன்னார்கள்? அதற்காகத்தான் ரத்தத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்கிறார்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் வகை ஊசிக்கு முன்னால் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். அவர் விற்கும் பொடிக்கு எந்தச் சோதனை?

அந்தப் பொடி வேலை செய்யாது என்பது ஒன்றுதான் ஆறுதல். சொன்னபடியே எதிர்ப்புச் சக்தியை அது கூட்டிவிட்டால், முதல் அடி விழுவது வாங்கியவரின் மூட்டில்.