கானக் கடலில் எந்தத் துறையில் இறங்குவது?

சென்ற பொங்கல் விழா முடிந்து, சங்கத்து மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கியில் 'மூன்றாம் பிறை' படத்துத் தாலாட்டு போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பக்கத்தில் வந்து நின்று, "தாத்தா, இது தாசேட்டன் குரல் மாதிரி இருக்கே! அவர் தமிழ்லயும் பாடியிருக்காரா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பு அடங்கியும் போயிற்று. மட்டாஞ்சேரியில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படிக்கும் குழந்தை. இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஃபோர்ட் கொச்சியில் 1940 ஜனவரி 10-ஆம் தேதி பிறந்தவர் கே.ஜே. யேசுதாஸ். அவர் நம் மொழியிலும் பல்லாண்டு பாடியவர் என்பது நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லை. குற்றம் அவள்மேல் இல்லை, சொல்லாமல் விட்ட நம்மேல்தான்.

"நிறையப் பாடியிருக்கார் அம்மா" என்றேன். "எதை முதல்ல கேக்கணும்?" என்றாள். அந்தக் கேள்விக்கு அன்று சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்ததில் தோன்றியதை இங்கே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவர் பாடியவை ஐம்பதாயிரம் என்று ஒரு பேச்சு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒரு பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொண்டால், பாட்டுக்கு நாலு நிமிஷம் வீதம் இரண்டு லட்சம் நிமிஷம், அதாவது சுமார் 3,333 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கேட்டாலும் முடிக்க ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். பாதிதான் என்றாலும் நாலரை வருஷம். ஆகவே "எல்லாவற்றையும் கேள்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது "ஒன்றையும் கேட்காதே" என்று சொல்வதற்குச் சமம். ரயில்வேயில் நாங்கள் தண்டவாளத்தைப் பார்வையிடப் போகும்போது முழு லைனையும் ஒரே நாளில் பார்ப்பதில்லை. டிராலியில் ஏறி ஒரு செக்‌ஷனைப் பார்த்து முடித்து, குறிப்பு எழுதிவிட்டுத்தான் அடுத்த செக்‌ஷனுக்குப் போவோம். பாட்டுக்கும் அந்த முறைதான் சரி என்பது என் எண்ணம்.

எந்தச் செக்‌ஷனில் தொடங்குவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. சிலர் விருதுப் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். சிறந்த பாடகருக்கான தேசிய விருதை யேசுதாஸ் எட்டு முறை பெற்றிருக்கிறார். அதில் ஆறு மலையாளத்துக்கு. 1976-ல் வந்த 'சிட்சோர்' படத்துக்காக இந்திக்கு ஒன்று. 1982-ல் வந்த 'மேகசந்தேசம்' படத்துக்காகத் தெலுங்குக்கு ஒன்று. தமிழுக்கு ஒன்றுகூட இல்லை. 1985-ல் வந்த 'சிந்து பைரவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இசையமைத்த இளையராஜாவுக்கு விருது, நடித்த சுஹாசினிக்கு விருது, பாடிய சித்ராவுக்கு விருது. படம் முழுக்கப் பாகவதர் ஜே.கே.பி.யின் குரலாக நின்ற யேசுதாஸுக்கு அந்தப் படத்துக்காக அது கிடைக்கவில்லை. விருதுப் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்கப் புறப்பட்ட பிள்ளை அவருடைய தமிழ்ப் பாட்டு ஒன்றைக்கூடச் சந்திக்காமலே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

வேறு சிலர், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், "கச்சேரியில் தொடங்கு, கீர்த்தனையில் தொடங்கு" என்பார்கள். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. சங்கீத அகாடமியில் முறையாகப் பயின்று, பிறகு செம்பை வைத்தியநாத பாகவதரிடம் சிட்சை பெற்றவர் என்பதால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையை முதல் நாளே ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவிக்கு முன்னால் உட்கார வைத்தால், மறுநாள் அது நம் பக்கம் திரும்பிப் பார்க்குமா?

மூன்றாவது கட்சி இளைஞர்களுடையது. கைபேசியில் பெயரைத் தட்டினால் அதுவே வரிசையாகப் போட்டுக் கொடுக்கிறது, அதையே கேட்டால் போகிறது என்பார்கள். அந்த வரிசைக்குக் காலமும் கிடையாது, இசையமைப்பாளரும் கிடையாது. 1970-களின் பாட்டுக்குப் பின்னால் 1990-களின் பாட்டு வரும். மூலப் பதிவுக்குப் பதிலாக மேடையில் பாடியதோ, வேறு யாரோ மறுபடி பாடியதோ வந்து நிற்கும். குரல் எப்படி வளர்ந்தது, எங்கே கனிந்தது என்று ஒன்றும் பிடிபடாது.

என் யோசனை இதுதான்: நம் பிள்ளைகள் தமிழில் தொடங்க வேண்டும். இசையமைப்பாளர் வாரியாக, கால வரிசையில் போக வேண்டும். ஒரு வாரத்துக்கு இரண்டு பாட்டுக்கு மேல் கூடாது.

முதல் படி 1964. அந்த ஆண்டில் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் பி. சுசீலாவுடன் அவர் பாடிய பாட்டு ஒன்று. அதே ஆண்டில் வீணை எஸ். பாலசந்தர் தாமே இயக்கி இசையமைத்த 'பொம்மை' படத்தில் மனிதர்களைப் பொம்மைகளாகச் சொல்லும் பாட்டு மற்றொன்று. அப்போது அவருக்கு வயது இருபத்து நாலுதான். குரல் மெல்லியதாக, கொஞ்சம் கூச்சத்தோடு இருக்கும். அந்தக் கூச்சத்தைப் பிள்ளைகள் கேட்க வேண்டும். பெரியவர்களெல்லாம் பெரியவர்களாகவே பிறந்துவிடவில்லை என்பது அப்போதுதான் விளங்கும்.

இரண்டாம் படி 1974-75, எம்.எஸ். விஸ்வநாதன். அவரும் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 'உரிமைக்குரல்' படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாடிய காதல் பாட்டு, 'அவள் ஒரு தொடர்கதை'யில் பொறுப்பில்லாத அண்ணன் வீட்டைப் பற்றித் தத்துவம் பேசும் பாட்டு, 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ராகத்தையே பொருளாக வைத்துப் பாடும் பாட்டு. இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே குரல் காதலனாகவும் விரக்தி பிடித்தவனாகவும் வித்துவானாகவும் மாறுவது தெரியும். இரண்டாவது பாட்டில் சொற்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். கண்ணதாசன் சின்னச் சின்னச் சொல்லாகவே போட்டிருப்பார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அது புரியும்.

மூன்றாம் படி இளையராஜா. 1978-ல் வந்த 'முள்ளும் மலரும்' படத்தில் மலைப்பாதையில் ஜீப் போகும்போது வரும் பாட்டு, பிறகு 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை' தாலாட்டு. 1981-ல் மறைந்த கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாடல்களுள் ஒன்று அந்தத் தாலாட்டு. அதற்கப்புறம்தான் 'சிந்து பைரவி'. அதை மட்டும் பாட்டாகக் கேட்காமல் படமாகவே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். புரியாத மொழியில் பாடிக்கொண்டிருக்கும் பெரிய வித்துவானை ஒரு பெண் சபை நடுவில் எழுந்து, தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். கேட்பவர்களின் மொழி முக்கியமா இல்லையா என்ற அந்த வழக்கு, வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிற வழக்குதானே?

இதெல்லாம் ஆன பிறகு மலையாளத்துக்குத் திரும்பலாம். நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்த ஊர், வழி சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் மூன்று பேரைச் சொல்லிவைக்கிறேன். 1964-ல் வந்த 'பார்கவி நிலையம்' படத்துக்கு இசையமைத்த எம்.எஸ். பாபுராஜ். 1972-ல் வந்த 'அச்சனும் பாப்பயும்' படத்தில் யேசுதாஸுக்கு முதல் தேசிய விருதை வாங்கித் தந்த பாட்டுக்கு இசையமைத்த ஜி. தேவராஜன். சபரிமலையில் நடை அடைக்கும் நேரத்தில் நாம் கேட்கும் ஹரிவராசனமும் தேவராஜன் இசையமைப்பில் 1975-ல் 'சுவாமி ஐயப்பன்' படத்தின் வழியாக வந்ததுதான். இசையமைத்தவர் நாத்திகர், பாடியவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாமவர் வி. தட்சிணாமூர்த்தி. 1950-ல் வந்த 'நல்ல தங்க' என்ற மலையாளப் படத்தில் அவர் இசையில் பாடி நடித்தவர் யேசுதாஸின் தந்தை அகஸ்டின் ஜோசப். நல்லதங்காள் கதை யாருடைய கதை? நம் பாட்டிமார் சொல்லி அழுத கதை அல்லவா? இரண்டு மொழிக்கும் நடுவே மதில் கட்ட நினைப்பவர்கள் இதையெல்லாம் எந்தப் பக்கத்தில் சேர்ப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

1961 நவம்பர் 14-ஆம் தேதி யேசுதாஸின் முதல் பாட்டைப் பதிவு செய்தவரும் நம்மவர்தான். 'கால்பாடுகள்' என்ற படத்துக்காக ஸ்ரீ நாராயண குருவின் செய்யுளைப் பாட வைத்த இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் தமிழர். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தாராக வாழும் இடத்தைச் சொல்கிற செய்யுள் அது. நல்ல தொடக்கம்.

கேட்கும் முறையைப் பற்றியும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். எப்போதும் படத்தில் வந்த மூலப் பதிவையே தேடிக் கேளுங்கள். பெயரைத் தமிழில் யேசுதாஸ், ஏசுதாஸ், ஜேசுதாஸ் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள், ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கும். படத்தின் பெயரும் ஆண்டும் போட்டுத் தேடினால் இன்னும் சுலபம். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கேட்ட பாட்டின் முதல் சொற்களைப் பிள்ளையே தமிழில் எழுதட்டும். ஓர் ஆண்டில் நூறு பாட்டு சேரும், கையெழுத்தும் பழகும்.

இனி, சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. "தமிழில் தொடங்கு என்கிறீரே, அவர் உச்சரிப்பில் அங்கங்கே மலையாள வாடை அடிக்குமே, பிள்ளைகள் தப்பாகக் கற்றுக்கொள்ளாதா?" என்று. சில பாட்டுகளில் அந்தக் குறை உண்டுதான். நானும் ஒரு காலத்தில் அதைச் சொல்லிச் சிரித்தவன். இப்போது சிரிப்பதில்லை.

காரணம் இதுதான். இரண்டு வருஷம் முன்பு கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பேத்தி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அவள் பேச்சில் இருந்த மலையாள இழுப்பைக் கேட்டு, கூடியிருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, விளையாட்டுத்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து ஊர்ப்பக்கம் யார் போனில் பேசினாலும் "அம்மாகிட்ட கொடுக்கறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். வீட்டிலும் நாங்கள் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள். ஒரு சிரிப்பு ஒரு மொழியை வாயிலேயே பூட்டிவிட்டது. இந்த இதழைப் படிக்கும் பல வீடுகளில் இதே கதை நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பொங்கல் இரவு வீட்டுக்கு நடந்து வரும்போது அவளிடம் சொன்னேன்: "நீ பேசற தமிழ்ல இருக்கிற அதே வாடை அவர் பாட்டுலயும் இருக்கு. தமிழ்நாடே சொல்லிச் சிரிச்சுது. சிரிச்சவங்களே ராத்திரி அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டாங்க. அவர் பாடறதை நிறுத்தலே." அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கேட்டாள், "அந்தப் படத்துப் பேர் என்ன தாத்தா?" என்று.

ஆகவே எந்தத் துறையில் இறங்குவது என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில்: 1964-ல் இறங்குங்கள், தமிழில் இறங்குங்கள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் இறங்குங்கள். தனியே அனுப்பினால் பாதியில் கரையேறிவிடும். எங்கள் வீட்டில் இப்போது இரண்டாம் படியில் இருக்கிறோம். நோட்டில் பதினேழு பாட்டு ஏறியிருக்கிறது. றகரமும் ரகரமும் இன்னும் இடம் மாறித்தான் விழுகின்றன. நான் பென்சிலால் மெல்லத் திருத்துகிறேன். சிரிப்பதில்லை.