வாளைக் கீழ வையுங்கோ

பொன்சாய் வளர்க்கிற எங்கட ஆக்களிட்ட ஒரு பழக்கம் வந்திருக்கு. அடிமரத்தில ஒரு புடைப்போ, பழைய வெட்டுக்காயமோ, வளைவில்லாத ஒரு துண்டோ தெரிஞ்சால் உடனே வாளைத் தூக்கிறது. "குறை இருக்கு, வெட்டி எறி, புதுசா வரட்டும்." ரெண்டு நிமிச வீடியோவில இது வடிவாத்தான் இருக்கும். பிறகு அந்த மரத்துக்கு என்ன நடந்தது எண்டு கனபேர் வீடியோ போடுறதில்லை.

குறையுள்ள அடிமரத்தைத் திருத்திறதில வெட்டு கடைசித் தெரிவாக இருக்கவேணும். கிளை போனால் இன்னொரு கிளை வரும். ஆனால் சட்டிக்குள் வேர் ஒடுங்கியிருக்கும் மரத்தின் தண்டு மிக மெதுவாகவே பருக்கும். பல வருசத்துப் பருமனை ஒரு பின்னேரத்தில கழிச்சு எறியிறதுக்குத் துணிச்சல் எண்டு பேர் வைக்காதேங்கோ. அது அவசரம்.

முதல்ல, எது குறை? யப்பானிய மரபில் ஷொக்கான் என்பது நேராக நிமிர்ந்த பாணி. அங்கே வளைவு குறை. மோயோகி வளைந்து வளைந்து நிமிரும் பாணி. அங்கே நேர்த்தண்டு குறை. ஒரே தண்டு ஒரு பாணியில தோற்கும், இன்னொண்டில வெல்லும். ஆக, பாதிக் குறை நாங்கள் முன்கூட்டியே தலைக்குள்ள முடிவெடுத்த பாணியில இருக்கு. சட்டியைச் சுத்திப் பாருங்கோ. கன்று வித்தவர் நட்ட பக்கம்தான் முன்பக்கம் எண்டு ஆர் சட்டம் போட்டது? கொஞ்சம் சரிச்சு நட்டால் அந்த நேர்த்துண்டே ஷக்கான் எண்ட சாய்ந்த பாணிக்குப் பொருந்தும். இதுக்கு வாள் தேவையில்லை.

அடுத்தது செதுக்கல் மோகம். மசஹிக்கோ கிமுரா மின்கருவிகளால் செதுக்கிய ஜூனிப்பர்களைப் பார்த்துவிட்டு, எங்கட ஆக்கள் ஆலிலயும் இத்தியிலயும் பட்டையை உரிச்சு 'ஷாரி' செய்யினம். ஜூனிப்பரின் செத்த மரம் பிசினும் இறுக்கமும் உள்ளது, நீண்டகாலம் நிற்கும். ஆல், இத்தி மரங்களின் கட்டை மென்மையானது. எங்கட ஈரக் காலநிலையில உக்கிப் போகும். காயத்தை மூடி வளரக்கூடிய மரத்தை வேணுமெண்டே உக்க விடுறது என்ன கலை?

உண்மையான குறைகளும் இருக்குத்தான். அடியைவிட மேல்பகுதி தடித்துப்போன தண்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் கண் மன்னிக்காது. பல கிளைகள் ஒரே இடத்தில் கூடினால் பெரும்பாலும் இப்படி வீங்கும். மிச்சக் கிளைகளை நேரத்தோட எடுங்கோ. புடைப்புக்குக் கீழே ஒரு கிளையை நறுக்காமல் ஓடவிட்டால் அடி பருக்கும், வேலை முடிய அதை எடுக்கலாம். அடி உதவாது, மேல்பகுதி வடிவு எண்டால் பதி வையுங்கோ. பட்டையை வளையமாய்ச் சீவி, ஈரத் தும்பு வைச்சு, பொலித்தீனால கட்டுற அதே முறைதான், மாதுளைக்கு எங்கட அம்மம்மாமார் செய்தது. ஆலும் இத்தியும் லேசாய் வேர்விடும். ஒரு மரம் ரெண்டாகும்.

"இப்பிடிப் பாத்துக்கொண்டிருந்தால் மரம் அப்பிடியேதான் கிடக்கும்" எண்டு சொல்லுவியள். வெட்டவே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. நோஞ்சான் மரத்தில வெட்டாதேங்கோ, நல்லாத் துளிர்த்து ஓடுற மரத்தில வெட்டுங்கோ. வேரையும் தண்டையும் ஒரே நாளில கை வைக்காதேங்கோ.

வெட்ட முன்னம் ஒரு கேள்வி மட்டும். வாள் படப்போற இடத்துக்குக் கீழ, எந்தக் கிளை நாளைக்கு இந்த மரத்தின்ர தலையாகப் போகுது எண்டு விரலால தொட்டுக் காட்டேலுமோ? ஏலாட்டி, வாளைக் கீழ வையுங்கோ.