உங்களுக்கு எந்த ஊர்?

தொடர்வண்டியில் எதிரெதிரே அமர்ந்தவர்கள் பேசத் தொடங்கினால், முதல் வினா பெரும்பாலும் ஊரைப் பற்றியதாகவே இருக்கும். ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பது தமிழர் உரையாடலின் தலைவாசல். சென்னையில் புறப்பட்ட கோவை வண்டி காட்பாடியைக் கடப்பதற்குள், ஒருவருடைய பள்ளித் தோழர் மற்றவருக்கு மைத்துனர் முறை என்பது வெளிப்பட்டுவிடும். இருவரும் வியந்துபோவர். விட்டகுறை தொட்டகுறை என்று முற்பிறவி வரை செல்வோரும் உண்டு.

கணிதம் அவ்வளவு வியப்பதில்லை. 40 மாணவர் பயிலும் வகுப்பில், குறிப்பிட்ட ஒரு மாணவரின் பிறந்தநாளிலேயே பிறந்த இன்னொருவர் இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 10 விழுக்காடுதான். ஆனால், யாரேனும் இருவர் ஒரே நாளில் பிறந்திருப்பதற்கான நிகழ்தகவு 89 விழுக்காடு. 23 பேர் கூடினாலே அது பாதியைத் தாண்டிவிடும். காரணம் எளிது: 40 பேருக்குள் 780 இணைகள் உள்ளன. தொடர்வண்டியில் எட்டுப் படுக்கைகள் கொண்ட ஒரு பகுதியில்கூட 28 இணைகள் அமைகின்றன. மேலும், பிறந்தநாளுக்கு ஒரே அளவுகோல்; உரையாடலுக்கோ அளவுகோல்கள் பல. ஊர் ஒத்துவராவிட்டால் கல்லூரி, கல்லூரி இல்லையேல் பணியிடம், அதுவும் இல்லையேல் சம்பந்தி வீடு. பொருந்தாத வினாக்கள் காட்பாடியிலேயே மறக்கப்படுகின்றன. பொருந்திய ஒன்று மட்டும் வீடு வரை வந்து கதையாகிறது.

அமெரிக்க உளவியல் அறிஞர் சுடான்லி மில்கிராம் 1960களில் இதனைச் சோதித்துப் பார்த்தார். பாசுடன் பகுதியில் வாழ்ந்த ஒருவருக்கு, அறிமுகமானவர் வழியாகவே கைமாற்றி மடல் சேர்க்க வேண்டும். 1969இல் வெளியான ஆய்வில், சேர்ந்த மடல்களுக்கு இடையாள்கள் சராசரியாக ஐந்து பேரே. இச்செய்தி உலகெங்கும் பரவியது. எனினும், தொடங்கிய 296 பேரில் 64 பேரின் மடல்களே போய்ச் சேர்ந்தன என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. அதுவும் தற்செயல் பொருத்தங்களைப் போலத்தான்: சேராதவை பேசப்படுவதில்லை.

இதனால் அந்த வியப்பு வீண் என்றாகாது. அறியாதவரோடு பேச ஒரு பற்றுக்கோடு வேண்டும். ஊர்ப் பெயர் அதைத் தருகிறது. குறை வேறிடத்தில் உள்ளது. ‘எந்த ஊர்?’ என்பதைத் தொடர்ந்து ‘எந்தத் தெரு?’ என்று கேட்போர் சிலர் தேடுவது பொருத்தம் அன்று, சாதி. இன்னும் சிலர், நம்மூர்க்காரர் என்ற ஒரே காரணத்துக்காகப் பையையும் பணத்தையும் நம்பி ஒப்படைக்கின்றனர். ஊர் ஒன்றாக இருப்பது நேர்மைக்குச் சான்றாகாது. ஏமாற்றுவோரும் இதனை நன்கறிவர்.

அதே பகுதியின் சன்னலோரத்தில், திருப்பூர்ப் பின்னலாடை ஆலைக்குத் திரும்பும் ஒடிசா இளைஞர் ஒருவர் அமர்ந்திருக்கலாம். அவரிடம் எவரும் ஊரைக் கேட்பதில்லை. கேட்டாலும் தெரிந்த பெயர் வராது என்ற எண்ணம். எதிரில் இருப்பவரின் தங்கை அதே ஆலையில், அடுத்த தையல் எந்திரத்தில் பணிபுரியக்கூடும். கேட்டால்தானே தெரியும்? அவரை ஒதுக்கிவிட்டு எண்ணினால், 28 இணைகள் 21 ஆகிவிடுகின்றன.