தாழ்ப்பாள் யார் கையில்?

பணி ஓய்வு பெற்ற மூத்த பேராசிரியர் ஒருவரைக் காணக் கடந்த கோடை விடுமுறையில் அவர் இல்லத்திற்குப் போயிருந்தோம். சுவடிப் பதிப்புகள் குறித்து அவர் நாற்பதாண்டுகளாக எழுதிச் சேர்த்த கட்டுரைகள், குறிப்புகள், சுவடிகளின் ஒளிப்படங்கள் யாவும் மேசைமீதிருந்த ஒற்றை மடிக்கணினியில் இருந்தன. நூலகத்திற்கும் கருத்தரங்கிற்கும் அதனையே சுமந்து செல்வார். "இந்த அப்டேட் தொல்லையையே ஒழித்துவிட்டேன் தம்பி. கடைக்காரப் பையன் அந்தச் சேவையையே முடக்கிக் கொடுத்தான். தீச்சுவரையும் எடுத்துவிட்டான். இப்போது நிம்மதி" என்றார். அவருக்கு நிம்மதி; நமக்கு அன்றிரவு உறக்கமில்லை.

அவர் சினத்தில் நியாயமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2015 ஜூலை 29 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்தை வெளியிட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் 'புதுப்பிப்பு வேண்டாம்' என்று சொல்ல ஓர் இடமிருந்தது. புதியதன் இல்லப் பதிப்பில் அந்த இடம் இல்லை. கூடுதல் விலை கொடுத்துத் தொழில்முறைப் பதிப்பு வாங்கியவர் தள்ளிப்போடலாம். வீட்டுக்காரர் அப்போது தள்ளிப்போடவும் முடியவில்லை. 2016-இல் பழைய பதிப்பு வைத்திருந்தோரைப் புதியதற்கு மாற்றுவதற்காகத் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. அதன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், உலக வழக்கில் அது மறுப்பு. அவ்வாண்டு மே மாதத்தில் அதுவே இசைவாகக் கொள்ளப்பட்டது. எல்லை மீறிவிட்டோம் என்று அந்நிறுவனத்தின் உயரலுவலர் ஒருவரே அவ்வாண்டின் இறுதியில் ஒப்புக்கொண்டார். 2018 அக்டோபர் 2 அன்று வெளிவந்த பெரும் புதுப்பிப்போ சிலருடைய கணினிகளில் ஆவணங்களையே அழித்தது. சில நாள்களில் அதனை நிறுத்தி, பிழை நீக்கி, நவம்பரில் மீண்டும் வெளியிட்டனர். இவற்றையெல்லாம் கண்டவர் கதவை அறைந்து சாத்துவது இயற்கையே.

ஆயினும் அறைந்து சாத்திய கதவின் கதையும் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு கணினிகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பு ஜூலை 16 அன்றே வெளிவந்திருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே தீச்சுவர் இருந்தது. ஆனால் இயங்காமல் கிடந்தது. அதனை இயல்பாகவே இயங்கும்படி செய்தது 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சேவைத் தொகுப்பு. 2017-இல் நிகழ்ந்தது இன்னும் பெரிது. மார்ச் 14 அன்று அடைப்பு வெளிவந்தது. மே 12 அன்று வான்னாக்ரை பரவியது. இடையே 59 நாள்கள். ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்பட்டது. நாம் கருத வேண்டியது ஒன்று: பரவுவதற்கு அதற்கு எவருடைய சுட்டலும் தேவைப்படவில்லை. ஐயத்திற்குரிய மடலை யாரும் திறக்க வேண்டியதில்லை. வலைப்பின்னலில் இருந்தால் போதும், அடைபடாத கணினியைத் தானே தேடி வந்தது. பேராசிரியர் தம் கணினியைச் சுமந்து செல்லும் கருத்தரங்க மண்டபங்களின் பொது இணைப்பை எண்ணித்தான் நாம் உறக்கமிழந்தோம்.

நம் கதை ஒன்றும் உண்டு. சொல்ல நாணமாயிருப்பினும் சொல்லிவிடுகிறோம். பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானே ஓடத் தொடங்கும் பழக்கத்தை நிறுத்தும் திருத்தம் 2011 பிப்ரவரியில் பழைய இயங்குதளங்களுக்கும் வந்தது. இணையக் கட்டணத்திற்கு அஞ்சிப் புதுப்பிப்புகளை நாமே நிறுத்தி வைத்திருந்தோம். மாணவரொருவர் கட்டுரையோடு கொணர்ந்த பென் டிரைவ் வழியே நச்சுநிரல் புகுந்தது. நம் பாடக்குறிப்புகளுள் ஓராண்டுக்குரியவை போயின. பிழை முழுதும் நம்முடையதே.

அப்படியானால் வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை. நோயின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது என்பது நம் கருத்து. கூரை ஒழுகலை அடைப்பதும் வரவேற்பறைக்குப் புதுச்சாயம் பூசுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் 'அப்டேட்' என்னும் ஒரே சொல்லில் கட்டி ஒரே கதவு வழியே அனுப்பியதால், சாயத்தை வெறுத்தவர்கள் கூரை அடைப்பையும் வெறுத்தனர். தமிழில் 'இற்றைப்படுத்தல்' என்று அழகாகச் சொல்லாக்கம் செய்தவர்களும் இந்தக் குழப்பத்தை அப்படியே வாங்கிக்கொண்டனர். 'அடைப்பு' என்றொரு சொல்லும் 'புதுக்கல்' என்றொரு சொல்லும் வேண்டும் நமக்கு. பயனர் கூச்சல் வீணாகவில்லை: 2019 மே மாதப் பதிப்பு முதல் இல்லப் பதிப்பிலும் 35 நாள்கள் வரை நிறுத்திவைக்க இடம் கிடைத்தது, பெரும் புதுக்கல்களைப் பதிவிறக்கலாமா என்று கேட்கும் வழக்கமும் வந்தது. மாதாந்திர அடைப்புகள் இரண்டாம் செவ்வாயன்று வருகின்றன. நமக்கு அது நள்ளிரவை நெருங்கும் நேரம். புதன் காலை கணினியைத் திறப்பவர் ஓரிரு நாள் பொறுப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் பொறுப்பதுதான் தவறு.

இனி அந்தரங்கம். இதிலும் வீட்டுக்காரருக்கே சாவி மறுக்கப்பட்டது. கணினி தன் நிலை குறித்து நிறுவனத்திற்கு அனுப்பும் தகவல்களைப் பெருநிறுவனப் பதிப்புக்காரர் மிகக் குறைந்த அளவிற்குச் சுருக்கலாம். இல்லப் பதிப்புக்காரர் ஓர் எல்லைக்குக் கீழே போக இயலாது. பிரான்சு நாட்டின் தரவுக் காப்பு ஆணையம் 2016 ஜூலையில் இது குறித்து முறையான எச்சரிக்கை விடுத்தது. அடிப்படை நிலையில் திரட்டப்பட்ட தகவல்களின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தபின், 2017 ஜூனில் அந்நடவடிக்கையை முடித்துக்கொண்டது. பாதியைக் குறைத்த பின்னும் கணினி ஓடியது எனில், அந்தப் பாதி எதற்காகப் போய்க்கொண்டிருந்தது? இக்கேள்வியை வேறெவரும் உரக்கக் கேட்காதது நமக்கு வியப்பே.

தீச்சுவர் இதனைத் தடுக்காதா என்று வினவுவோர் உளர். தடுக்காது. விண்டோஸுடன் வரும் தீச்சுவரின் இயல்பமைப்பு, நாம் அழைக்காது உள்ளே வருவதைத் தடுப்பது. உள்ளிருந்து வெளியே போவதை அது விட்டுவிடும். 'அரண்' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், 'ஒற்றாடல்' என்று வேறோர் அதிகாரம் வகுத்தது காரணத்தோடுதான். மதில் காக்கும் வேலையும் ஒற்றறியும் வேலையும் ஒன்றல்ல. ஆகவே தகவல் கசிவை நிறுத்த வேண்டுமெனில் அமைப்புகளில் அந்தரங்கப் பகுதிக்குச் சென்று விளம்பர அடையாளம், விருப்பத் தகவல், இருப்பிடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். தீச்சுவருக்கு நாம் செய்ய வேண்டியதோ மிகச் சிறிது: அணைக்காதிருத்தல், புதிய இணைப்பில் சேரும்போது வீடல்லாத இடமெனில் 'பொது' என்பதைத் தேர்தல், ஏதேனும் நிரல் அனுமதி கேட்டுச் சாளரம் திறந்தால் படிக்காமல் 'சரி' அழுத்தாதிருத்தல்.

மறுநாள் காலை மீண்டும் பேராசிரியர் இல்லத்திற்குச் சென்றோம். முதல் வேலையாக நாற்பதாண்டுகளையும் ஒரு வெளிவட்டில் படியெடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டச் செய்தோம். 2018-ஐ அறிந்தவர் இதனைச் செய்யாமல் எந்தப் புதுப்பிப்பையும் தொடலாகாது. பிறகு முடக்கிய சேவையை எழுப்பி, தீச்சுவரை நிறுத்தி, விளம்பர அடையாளத்தை அணைத்தோம். அடைப்புகள் இறங்கி முடிய இரண்டு தம்ளர் காப்பி ஆயிற்று. ஐயா திரையில் ஏறும் விழுக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தாம் எழுதும் நேரத்தில் கணினி தானே அணைந்து எழும் என்பதுதான் அவர் அச்சம். தானே மறுதொடக்கம் ஆகக்கூடாத நேரத்தை நாமே வகுத்துவைக்க வழியுண்டு, 18 மணி நேரம் வரை தருவார்கள் என்றோம்.

"காலை நான்கு மணிக்கு எழுத உட்காருவேன் தம்பி" என்றார். நான்கு முதல் இரவு பத்து வரை என்று குறித்தோம். சற்று யோசித்தவர், "சில நாள் பதினொன்று ஆகும். ஒரு மணி நேரம் கூட்டிப் போட முடியாதா?" என்று கேட்டார்.