கோழிக்காக அழுதால் என்ன தவறு?

உழவு மாடு இறந்தால் ஊரே வந்து துக்கம் கேட்கும். கோழி இறந்தால் ஒருவரும் கேட்பதில்லை. ‘ஒரு கோழிக்கா இத்தனை அழுகை?’ என்று சிரிப்பவர்களே அதிகம். ஆனால் முற்றத்தில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில், அவற்றுள் ஒன்று மட்டும் செல்லமாகிவிடுவது உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும். உள்ளங்கையில் இருந்தே குருணை கொத்தும். அடுப்படி மூலையில் அதே கூடையில்தான் முட்டையிடும். 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, பருந்துக்குக் காட்டாமல் வளர்த்துக் கொடுத்திருக்கும். அப்படிப்பட்ட கோழி ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது விறைத்துக் கிடந்தால் மனம் கலங்காமல் இருக்குமா?

கிராமங்களில் கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சொத்து. முட்டை விற்ற காசு பிள்ளைகளின் நோட்டுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆகும். ஆகவே அந்த இழப்பில் பாசமும் இருக்கிறது, பிழைப்பும் இருக்கிறது. ‘கறிக்குக் கோழி அறுக்கும் வீட்டில் கோழிக்காக அழுவதா?’ என்று கேட்பது நியாயமல்ல. தான் வளர்த்த காளையைச் சந்தையில் விற்றுவிட்டு வந்து, அன்றிரவு சோறு இறங்காமல் படுத்த விவசாயிகள் எத்தனையோ பேர். பயனுக்காக வளர்ப்பதும் பாசம் வைப்பதும் உழவர் வீட்டில் எப்போதும் சேர்ந்தே இருந்து வந்துள்ளன.

பதரும் மணியும்

துக்கத்தைவிட அதிகமாக வாட்டுவது குற்ற உணர்ச்சி. ‘நேற்றே கவனித்திருந்தால்’, ‘ஊசி போட்டிருந்தால்’, ‘கூட்டை நன்றாக அடைத்திருந்தால்’ என்று மனம் அடித்துக்கொள்ளும். இந்த எண்ணங்களையும் முறத்தில் இட்டுப் புடைப்பதே சரி. பதர் பறந்து போகட்டும்; மணி மட்டும் நிற்கட்டும்.

‘நேற்றே கவனித்திருந்தால்’ என்பது பெரும்பாலும் பதர். கோழி தன் நோயை மறைக்கும் பறவை. நலிந்ததை மற்றக் கோழிகள் கொத்தும்; பருந்தும் கீரியும் அதைத்தான் முதலில் குறி வைக்கும். அதனால் முடிகிறவரை நன்றாக இருப்பது போலவே மேயும். தலை தொங்கி, இறகு சிலிர்த்து நிற்கும்போது நோய் முற்றியிருக்கும்.

நாட்டுக்கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோயே இதற்குச் சரியான உதாரணம். ராணிக்கெட் என்று இதைச் சொல்வது, 1920-களின் கடைசியில் நம் நாட்டில் இந்நோய் கண்டறியப்பட்ட மலையூரின் பெயரால்தான். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், வாய் பிளந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகல், இறக்கை தொங்குதல் ஆகியவை இதன் அடையாளங்கள். வைரசால் வரும் இந்நோய் கண்ட பின் குணப்படுத்த மருந்து கிடையாது. ஒரு நாள் முன்பே பார்த்திருந்தாலும், மஞ்சளும் பூண்டும் அரைத்து ஊட்டியிருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. இதற்காகத் தன்னை நொந்துகொள்வதில் பொருளில்லை.

‘ஊசி போட்டிருந்தால்’ என்பது மணி. அதைப் பதரென்று தள்ளிவிடச் சொல்வது பொய்யான ஆறுதல். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், இரண்டு மாத வயதில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசியும் போட்டால் இந்நோயைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஏற்கெனவே நோய் புகுந்துவிட்ட கோழியை ஊசி காப்பாற்றாது. ஊசி போட்ட மறுநாளே காப்பு வந்துவிடுவதும் இல்லை. எனவே கோழிகள் நலமாக இருக்கும்போதே போட வேண்டும். கோடைக்கு முன், பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை இதற்கென முகாம்கள் நடத்தி வந்துள்ளது.

ஆனால் இந்தக் குற்றம் முழுவதையும் கோழி வளர்த்தவள் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. முகாம் பகல் பத்து மணிக்கு என்றால், களையெடுக்கப் போனவள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். மேய்ச்சலுக்குப் போன கோழியை அந்நேரத்தில் பிடிப்பதும் எளிதல்ல. தடுப்பு மருந்தோ நூறு கோழிக்கு ஒரு குப்பி என்ற கணக்கில் வருகிறது. நாலு கோழிக்காக அதை உடைக்க யாருக்கு மனம் வரும்? தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து, விடியுமுன் கோழிகள் அடைந்திருக்கும் நேரத்தில் போட ஏற்பாடு செய்வதுதான் வழி. ஊராட்சியும் கால்நடை மருந்தகமும் முகாமின் நேரத்தைக் கோழிக்கும் கூலிக்காரிக்கும் ஏற்றபடி வைக்க வேண்டும்.

மறைப்பதே பெரிய குற்றம்

கோழி செத்த வெட்கத்தில் அதை மறைப்பவர்கள் உண்டு. மீந்த கோழிகளை அவசரமாகச் சந்தையில் தள்ளுவதும், செத்ததை வாய்க்காலில் வீசுவதும், நோய் கண்டதை அறுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் நோயை ஊர் முழுக்கப் பரப்பும். தவறவிட்ட ஊசி ஒரு வீட்டின் இழப்பு. மறைத்த சாவு தெருவின் இழப்பு. பக்கத்து வீடுகளுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். இறந்த கோழியைத் துணியோ பையோ கையில் சுற்றிக்கொண்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது கோழிகளைத் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுப்பதே முதல் வேலை.

பிள்ளைகளிடமும் மறைக்கக் கூடாது. ‘கோழி எங்கேயோ ஓடிவிட்டது’ என்று சொன்னால், பிள்ளை அதை நம்பி வைக்கோற்போரிலும் வேலியோரத்திலும் நாள்கணக்கில் தேடும். செத்துவிட்டது என்றே சொல்லலாம். புதைத்த இடத்தில் ஒரு பூச்செடி வைக்க விடலாம். கூட்டுக் கதவைப் பிள்ளை சாத்த மறந்து, கீரி பிடித்துப் போயிருந்தால், ‘உன்னால்தான் செத்தது’ என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்தச் சொல் பிள்ளை மனத்தில் வெகுகாலம் நிற்கும். இரவில் கொண்டி போட்டிருக்கிறதா என்று பார்ப்பது பெரியவர்களின் பொறுப்பு.

உடனே இன்னொரு கோழி வாங்கிவந்து விட்டால் துக்கம் தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கோழிக்கும் நல்லதல்ல. கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயில் பட சில வாரங்கள் காலியாக விட வேண்டும். புதிதாக வாங்கும் கோழியையும் இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். கூடு ஆறுவதற்கு ஆகும் அந்தக் காலம் மனம் ஆறுவதற்கும் வேண்டியிருக்கிறது. அதுவரை யாராவது அழுதால் சிரிக்காமல் இருப்பதும், அடுத்த முகாம் எந்தத் தேதி என்று விசாரித்துச் சொல்வதும் அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய உதவி.