காப்பு நூல்

நோயாளியின் அருகில் துணையிருப்போருக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது எங்கள் கருத்து. எங்கள் தாயாரின் நெடுநாள் சிகிச்சையின்போது சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் முறைவைத்து இரவும் பகலும் உடனிருந்தோம். அந்நாள்களில் இருவரும் மாறி மாறிப் பின்னிய ஒரு லேஸ் சால்வையே இக்கருத்தை எங்களுக்குள் வேரூன்றச் செய்தது.

அது ஹாப்சாலு சால்வை. எஸ்தோனியாவின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஹாப்சாலு நகரில் 1825ஆம் ஆண்டு கடற்சேற்றுச் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. குணம் நாடி அங்கு வந்தோருக்கு அவ்வூர்ப் பெண்கள் மெல்லிய கம்பளி நூலால் சால்வை பின்னி விற்றனர். நல்ல சால்வை ஒரு மோதிரத்தின் வழியே நுழைந்து வெளிவரும் என்பர். நோயுற்றோரின் தோள்களுக்காக வளர்ந்த கலை என்பதே எங்களை ஈர்த்தது.

தொடங்கிய பின்னரே அதன் கடுமை விளங்கிற்று. நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றினால் ஒரு துளையும் ஒரு புதிய கண்ணியும் உண்டாகும். அதற்கு ஈடாக வேறிடத்தில் இரு கண்ணிகளை ஒன்றாக்க வேண்டும். தவறினால் பூவேலை முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். இச்சால்வைக்கே உரிய ‘நுப்பு’ என்னும் சிறு மொட்டுக்கு, ஒரே கண்ணியிலிருந்து 5 அல்லது 7 வளையங்கள் எடுத்து, அடுத்த வரிசையில் அனைத்தையும் ஒருசேரப் பின்ன வேண்டும். வளையங்கள் இறுகியிருந்தால் ஊசி நுழையாது. மனம் கலங்கிய நாள்களில் எங்கள் கைகள் நூலை இறுக்கின.

ஓரிரவு ஒரு சுற்று விடுபட்டது. 6 வரிசைகள் கடந்த பின்னரே அதைக் கண்டோம். எல்லாவற்றையும் பிரித்தெறியாமல் எங்களைக் காத்தது காப்பு நூல். பிழையின்றி முடிந்த வரிசை ஒன்றின் கண்ணிகள் அனைத்திலும் வேறு நிற நூலைக் கோத்துவைப்பது பின்னுவோர் வழக்கம். பின்னர் எது கெட்டாலும் அவ்வரிசை வரையில் பிரித்தால் போதும்.

அவ்வாரமே தாயாருக்கு மீண்டும் காய்ச்சல் கண்டது. வீடு திரும்பும் நாள் தள்ளிப்போயிற்று. “மறுபடியும் முதலிலிருந்தா?” என்று கேட்டார். நாங்கள் சால்வையை விரித்துக் காப்பு நூலைக் காட்டினோம். தாமே எழுந்து அமர்வதும் தம் கையால் உண்பதும் அவர் ஏற்கெனவே கோத்துவைத்த வரிசைகள் என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. ஆயினும் மறுநாள்முதல் வரிசைகளை எண்ணும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

பின்னல் நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் கூறவில்லை. கைக்கு வேலையிருந்தால், நோயாளியின் முகத்தையே ஓயாது உற்றுநோக்கி அவரையும் அச்சுறுத்தும் வழக்கம் குறைகிறது என்பதை மட்டும் கண்டோம். விரும்புவோர் வார்டுச் செவிலியரின் அனுமதி பெற்று, மூங்கில் ஊசியும் தடித்த நூலும் கொண்டு எளிய மஃப்ளர் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

பின்னி முடித்த சால்வை கசங்கிய துணிபோலவே இருந்தது. நனைத்து, நாற்புறமும் இழுத்துக் குண்டூசியிட்டு உலர்த்திய பின்னரே பூக்கள் விரிந்தன. காய்ச்சல் கண்ட வாரத்தின் இறுகிய நுப்புகள் இன்றும் தனித்துத் தெரிகின்றன. அப்பகுதியை உட்புறமாக மடிக்கத் தாயார் விடுவதில்லை.