டவர் போடும் முன்பே சிக்னல் தெரியுமா? கிராமத்துக்காக 5ஜி தேர்வையே மாற்றிய இந்தியா!

கோவை–திருச்சி சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் சந்திக்கும் இடம் அவிநாசிபாளையம். பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், தோட்டத்து வீடுகள் என ஆட்கள் சிதறி வாழும் பகுதி. இப்படிப்பட்ட ஊரில் 5ஜி எப்படி வேலை செய்யும் என்பதை, டவர் நடும் முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். அதுதான் நெட்வொர்க் சிமுலேஷன்.

எப்படிச் செய்கிறார்கள்?

கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனை ஊர். அதில் டவர்களை வைத்து, செல்போன்களை அங்கங்கே தூவி விடுவார்கள். யார் வீட்டுக்குள், யார் நடந்து போகிறார், யார் வண்டியில் என்று பிரிப்பார்கள். யாருக்கு எவ்வளவு டேட்டா கிடைக்கிறது என்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள்.

சிக்கல் எங்கே வந்தது?

'5ஜி' என்ற அங்கீகாரம் பெற, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) தேர்வில் பாஸாக வேண்டும். அதன் கிராமத் தேர்வில், டவருக்கு டவர் 1.7 கி.மீ. இடைவெளிதான். பயனாளர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள். மீதிப் பேர் 120 கி.மீ. வேகத்தில் காரில்!

நம்ம ஊர் கிராமம் இப்படியா இருக்கு? இந்தியத் தரநிலை அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ மூலம் இந்தக் கேள்வி எழுந்தது. சென்னை ஐஐடியும் அதன் வளாகத்தில் உருவான செவிட் ஆய்வு மையமும் இதில் முக்கியப் பங்காற்றின.

என்ன மாறியது?

2017-ல் ஐடியு புதிய கிராமத் தேர்வு ஒன்றையும் சேர்த்தது. டவர் இடைவெளி 6 கி.மீ. 40% பேர் வீட்டுக்குள், 40% பேர் நடந்து, 20% பேர் மட்டும் 30 கி.மீ. வேகத்தில் வண்டியில். இடைவெளி 1.7-லிருந்து 6 ஆனால், ஒரு டவர் தாங்க வேண்டிய பரப்பு சுமார் 12 மடங்கு!

தூரம் கூடினால் முதலில் திணறுவது டவர் அல்ல, போன்தான். அதன் பவர் குறைவு. போனின் குரல் தூரத்து டவருக்கு எட்டும்படி இந்தியா உருவாக்கியதே '5ஜிஐ'. பிறகு இது உலகப் பொதுத் தரமான 3ஜிபிபி-யின் 17-வது பதிப்பில் இணைக்கப்பட்டது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

முழுசாக இல்லை. மற்ற தேர்வுகளில் சராசரி வேகத்தோடு, மிக மோசமான சிக்னல் உள்ள கடைசி 5% பேரின் நிலைக்கும் பாஸ் மார்க் உண்டு. 6 கி.மீ. தேர்வில் அந்தக் கடைசி 5% நிபந்தனை பொருந்தாது, சராசரி போதும். டவருக்குப் பக்கத்து வீட்டின் வேகம் சராசரியைத் தூக்கிவிடும். தகரக் கூரைக்குள் ஓடிபி-க்குக் காத்திருப்பவர் அந்தக் கணக்கில் காணாமல் போவார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

டிராயின் 2024 விதிகளின்படி, நிறுவனங்கள் கவரேஜ் மேப்பை இணையதளத்தில் வெளியிட வேண்டும். சிம் வாங்கும் முன் உங்கள் தெருவை அதில் பாருங்கள். மேப்பில் சிக்னல் இருந்து, வீட்டில் இல்லையென்றால் நிறுவனத்திடம் புகாரைப் பதிவு செய்யுங்கள். கணக்கைக் களத்தோடு ஒப்பிட்டுக் காட்ட அது ஒரு வழி.